நன்றியுரைச் சக்கரவர்த்தி

மேடை என்று ஒன்று இருந்து, அதில் ஒருத்தர் பேசி முடித்து, அடுத்து யார் என்று கூட்டம் முழித்தால் போதும், சிகாமணிக்குக் கால் தானாக நடந்துவிடும். பழக்கம் என்று சொல்லக் கூடாது, வியாதி. கல்லூரியில் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்த நாள்தொட்டு ஆண்டு விழாவோ, விளையாட்டு விழாவோ, ரத்ததான முகாமோ, நன்றியுரை அவர்தான். சிறப்புரை ஆற்ற ஒரு பாவியும் அவரைக் கூப்பிட்டதில்லை. "கடைசியா நம்ம சிகாமணி சார் ரெண்டு வார்த்தை" என்பார்கள். அவர் எழுந்து, தலைமை தாங்கியவரில் தொடங்கி பந்தல்காரர், மைக் செட்டுக்காரர், டீ கொண்டுவந்தவர் வரை பேர் பேராகச் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும்.

அந்த வியாதிதான், ஆயிரத்து எழுநூறு சொச்சம் வருஷத்துக்கு முன்னால், டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு ரோமானியப் படைமுகாமில் அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

அங்கே எப்படிப் போனார் என்று கேட்பீர்கள். சிறுசேரியில் காலவழி ஆய்வு மையம் என்று ஒரு கண்ணாடிக் கட்டடம். அதில் கருவியை இயக்குகிற பெண் எஸ்தர். கிளம்புகிற அன்று அவள்தான் விளக்கினாள்.

"நீங்க உடம்போட போகல சார். அங்க ஒருத்தர் உடம்புக்குள்ள உங்க மனசு மட்டும் போய் உக்காரும். பாஷையும், அவருக்குப் பழகின முகங்களும் அந்த உடம்புலயே இருக்கும். நீங்க தமிழ்ல நினைச்சா அந்த வாய் லத்தீன்ல பேசும்."

"அந்த உடம்புக்காரன் எங்க போவான்?"

"அவர் தூங்குவார் சார்." எஸ்தர் இதைச் சொல்லும்போது திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க திரும்பினதும் எழுந்துக்குவார். ஒண்ணும் தெரியாது."

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"வரலாற்றுல பேரே இல்லாத ஆளாப் பார்த்துத்தான் அனுப்புறோம். அவங்களுக்கெல்லாம் என்ன சார் ஆகப்போகுது? அப்படியும் பயமா இருந்தா 'புறப்பாடு'ன்னு நினைங்க. நீங்க பேசுறது, கேக்குறது எல்லாமே எனக்கும் கேட்டுக்கிட்டுதான் இருக்கும். நான் பேசுறது உங்க தலைக்குள்ள கேக்கும்."

அப்படித்தான் தார்சாவின் உடம்பு கிடைத்தது. தார்சா முகாமில் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தீவனம் கொடுக்கிற சிப்பாய். முழங்கால் வலி உண்டு, முன்பல் ஒன்று கிடையாது. தீவனம் வாங்க எல்லாரும் அவனிடம் வந்துதான் ஆக வேண்டும் என்பதால் முகாமில் அவனுக்குத் தெரியாத ஆள் இல்லை. அவன் திட்டாத ஆளும் இல்லை.

ரோம ராஜ்யம் நாறிக்கொண்டிருந்த காலம் அது. பகைவன் ராஜாவைக் கொன்றதெல்லாம் பழைய கதை. இப்போது ராஜாவின் சொந்தப் படையே அந்த வேலையைச் சுத்தமாகச் செய்துகொண்டிருந்தது. கிழக்கே ஒரு படை ஒருத்தனுக்கு ஊதாத் துணி போர்த்தி ராஜா என்னும், மேற்கே இன்னொரு படை வேறொருத்தனைக் கொண்டுவரும். முந்தின ராஜாவின் கருமாதிக்கு வந்தவன் ஊர் திரும்புவதற்குள் அடுத்தவனும் செத்திருப்பான். சிகாமணி இதைப் பற்றித்தான் ஆராய்ச்சி பண்ணியிருந்தார். படை எப்படி ஒரு ஆளை ராஜாவாக்குகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பார்த்துவிட்டார்.

ராஜா செத்தான் என்று சேதி வந்த காலையில் தளபதி பாஸுஸ் எல்லாரையும் மைதானத்தில் கூட்டினார். மண்ணைக் குவித்து ஒரு மேடை. முன்வரிசையில் அவருடைய ஆட்கள், சரியான இடத்தில் "பாஸுஸ் ராஜா வாழ்க" என்று கத்துவதற்குத் தயாராக. பாஸுஸ் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். தன் தாத்தா, தாத்தாவின் மாமனார், அந்த மாமனாரின் தோட்டம். வெயில் ஏறியது. முன்வரிசையிலேயே ஒருத்தன் நின்றவாக்கில் தூங்கினான். ஒருவழியாகப் பேச்சு முடிந்தபோது, கத்த வேண்டியவர்களுக்கு முடிந்ததே தெரியவில்லை. மைதானம் கப்சிப்.

சிகாமணி மேடைக்குக் கீழே தளபதியின் குதிரைக்குப் புல் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். அந்த அமைதி அவர் காதுக்குள் போய், கிட்னியை எல்லாம் கடந்து, நேராகக் காலுக்குப் போனது. புல் கட்டைக் கீழே வைத்தார். மேடை ஏறினார். தொண்டையைச் செருமினார்.

"சார், எங்க போறீங்க? சார்!" என்று எஸ்தர் தலைக்குள் கத்தினாள். அவருக்கு அது கேட்கவே இல்லை.

"இவ்வளவு நேரம் சிறப்பாகப் பேசிய தளபதி அவர்களுக்கு முதற்கண் நன்றி. வெயிலையும் பாராமல் நிற்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. விடியுமுன் எழுந்து நமக்கெல்லாம் ரொட்டி சுட்ட பீத்துஸ், கையில் கொப்புளத்தோடு இந்த மேடைக்கு மண் அள்ளிய முக்கத்ரா, அவர் தம்பி, இருவருக்கும் நன்றி. கழுதைகளைப் பெற்ற பிள்ளைபோலப் பார்க்கும் டீசோவுக்கு நன்றி. அகழி வெட்டியவர்களுக்கு, அகழியைத் தூர் வாரியவர்களுக்கு..."

தார்சாவின் தலைக்குள் எல்லாப் பெயரும் இருந்தது. சிகாமணி ஒன்று விடாமல் எடுத்துப் போட்டார். பேர் சொல்லப்பட்டவன் முதலில் திடுக்கிட்டான், அப்புறம் நெஞ்சை நிமிர்த்தினான், பக்கத்தில் நிற்பவன் கேட்டானா என்று திரும்பிப் பார்த்தான். "போன பனிக்காலத்தில் பாலம் இடிந்தபோது நம்மையெல்லாம் கரையேற்றிவிட்டுத் தண்ணீரோடு போன லூப்புஸுக்கு நன்றி" என்றபோது பின்வரிசையில் ஒரு தடியன் ஓவென்று அழுதுவிட்டான். லூப்புஸோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன்.

யோசித்துப் பாருங்கள். இந்த மேடையில் எத்தனை பேர் ஏறிப் பொன் தருகிறேன், நிலம் தருகிறேன் என்றிருக்கிறார்கள். அகழி வெட்டினாயே, நன்றாயிருப்பாய் என்று சொன்னவன் உண்டா? எவனோ ஒருத்தன் "தார்சா ராஜா!" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், மைதானமே பிடித்துக்கொண்டது. கொடிக்கம்பத்திலிருந்த ஊதாத் துணியைக் கிழித்து அவர் தோளில் போட்டார்கள்.

"வேண்டாம்!" என்று சிகாமணி அலறினார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

"ஐயையோ, நான் இல்ல, எனக்கு வேண்டாம்!" கூட்டம் கேடயத்தைத் தட்டியது.

"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், என்னை விட்டுருங்க!" வானம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம்.

கழுதைக்காரன் டீசோ காதோரம் வந்தான். தார்சாவுக்கு முகாமில் நண்பன் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே ஆள் அவன்தான். "மூணு தடவை மாட்டேன்னு சொல்றதுதான்டா முறை. எல்லாரும் சும்மா பேருக்குச் சொல்லுவானுங்க. நீ கண்ணுல தண்ணி விட்டுச் சொன்னே பாரு, இப்படி ஒரு அடக்கத்தை எவனும் பார்த்ததில்ல."

கல்யாண வீட்டில் இலைக்கு மேல் கையை மறைத்துப் போதும் போதும் என்றால் இரண்டு கரண்டி கூடுதலாக விழுமே, அந்தக் கதைதான். சிகாமணிக்கு இது புத்தகத்தில் தெரியும். மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறார். உயிர் போகிற நேரத்தில் பாடம் எங்கே ஞாபகம் வருகிறது?

முதலில் மண்டியிட்டவர் பாஸுஸ்தான். விஷயம் தெரிந்த மனுஷன். மண்டியிட்டார், வாழ்த்தினார், சாப்பாட்டு வேளையில் பின்வாசல் வழியாகக் குதிரை ஏறி, இத்தாலியில் படையோடு இருந்த இன்னொரு ராஜாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தளபதியின் கூடாரத்துக்குள் தனியாக விட்டதும் சிகாமணி செய்த முதல் காரியம், "புறப்பாடு! எஸ்தர், புறப்பாடு! சீக்கிரம்மா!"

கண்ணை இறுக்கி மூடித் திறந்தால் இன்னும் அதே கூடாரம்.

"எஸ்தர்?"

"சார், ஒரு விஷயம் சொல்லணும். திட்டாதீங்க." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அவர் தூங்கல சார்."

"யாரு?"

"தார்சா. தூங்குவாங்கன்னு எங்களைச் சொல்லச் சொல்லியிருக்காங்க. இல்லாட்டி உங்கள மாதிரி ஆளுங்க வர மாட்டீங்களே. நீங்க அங்க போனா அவர் இங்க வந்துடுவார். உங்க உடம்புல. எல்லாத் தடவையும் அப்படித்தான். கட்டில்ல கட்டிப் போட்டுருவோம். முதல்ல ரொம்பக் கத்தினாரு, உங்க குரல்ல, தமிழ்ல. கேக்க முடியல சார். கட்டை அவுத்துவிட்டுட்டேன். இப்ப தயிர்சாதம் ஊட்டிக்கிட்டிருக்கேன்."

தன் வாயால் வேறொருவன் தயிர்சாதம் சாப்பிடுகிறான் என்று கேட்டதும் சிகாமணி தார்சாவின் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நடந்ததை அவர்கிட்ட சொன்னேன்," என்றாள் எஸ்தர். "ராஜாவா, நானான்னு தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு. உங்க தலைதான் சார். இப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, திருப்பி அனுப்பாதம்மா, வெட்டிப்புடுவானுங்கன்னு அழுறாரு. நீங்க வர்றதுன்னா அவர் போகணும். எடுக்கட்டுமா?"

'எடு' என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. மேடை ஏறியது யார்? தார்சாவா? அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து ஒருத்தருக்கும் நன்றி சொன்னதில்லை, நிம்மதியாக எல்லாரையும் திட்டிக்கொண்டு முழங்கால் வலியோடு இருந்தான். வம்பை விலைக்கு வாங்கியது இவர், கழுத்தை நீட்ட வேண்டியது அவனா?

"கொஞ்சம் இரு," என்றார் சிகாமணி. "இவனுக்கு ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்."

வழி பண்ணுகிறாராம். ராஜா வேலை என்றால் என்ன என்று அடுத்து வந்த நாட்களில்தான் தெரிந்தது. வந்தவன் எல்லாம் கூடாரத்து வாசலில் நின்று, ராஜா, என் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க என்றான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவள் பேரையும் சொல்லுங்க என்றான். ஊதாத் துணியைக் கழற்றி வேறு யாருக்காவது போர்த்திவிட முடியுமா என்று சிகாமணி ஜாடையாக ஆள் தேடினார். ஒவ்வொருத்தனும் மரியாதையாகப் பின்னால் நகர்ந்தான். ராஜா பதவிக்கு ஆசைப்படுகிற அளவுக்கு முட்டாள்கள் எல்லாம் ஏற்கெனவே ராஜாவாகிச் செத்திருந்தார்கள்.

இத்தாலி ராஜா படையோடு கிளம்பிவிட்டான் என்று சேதி வந்த அன்று டீசோ உள்ளே வந்தான். முகம் சரியில்லை.

"ராஜா... டேய் தார்சா, அன்னைக்கு எல்லாருக்கும் நன்றி சொன்னியே, வில்லுக்காரங்களை ஏன்டா விட்டே?"

சிகாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. கிழக்கே பாலைவனத்திலிருந்து வந்த வில்லாளிகள். தனிக் கூடாரம், தனிச் சமையல், ஒட்டகத்துக்கு அவர்களே தீவனம் தேடிக்கொள்வார்கள். தார்சாவிடம் வந்ததே இல்லை, அதனால் தார்சாவின் தலையில் அவர்கள் பெயர் இல்லை.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. அன்னையிலிருந்து எவனும் எவன்கிட்டயும் பேசல. கழுதைக்காரன் பேரு சொல்லத் தெரியுது, சண்டையில முன்னால நின்னு சாகுற நாங்க கண்ணுக்குத் தெரியலையான்னு ஒருத்தன் மட்டும் கேட்டான்."

நன்றியுரையில் பேர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சிகாமணியைவிட நன்றாக அறிந்த பிறவி பூமியில் கிடையாது. ஒரு விழாவில் தாளாளரின் மைத்துனர் பெயரை விட்டுவிட்டார். அந்த மனுஷன் இன்றுவரை எதிரே வந்தால் வேட்டியை உதறிக்கொண்டு வேறு தெருவில் போகிறார். உடனே ஓடினார், ஊதாத் துணி தடுக்கத் தடுக்க. வில்லாளிகளின் கூடாரத்துக்கு முன்னால் நின்று, மன்னிக்க வேண்டும், உங்களை எப்படி மறப்பேன், பேர் சொல்லுங்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினார்.

அவர்களின் தலைவன் வில் நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிரக்கூட இல்லை. "கேட்டு வாங்குற மரியாதை எங்களுக்கு வேண்டாம்," என்றான். "ராஜா போகலாம்."

அதற்குமேல் நடக்கப்போவது எல்லாருக்கும் தெரியும், பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பெரிய படை வரும். சின்னப் படை தன் ராஜாவின் தலையை வெட்டித் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும். மன்னிப்புக் கிடைக்கும். பழையபடி அகழி வெட்டப் போகலாம். இதில் யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை, அதுதான் கொடுமை.

எதிரிப் படையின் தூசி குன்றுக்குப் பின்னால் தெரிந்த பகலில், தார்சாவின் பெண்டாட்டி வந்தாள். முகாமுக்கு வெளியே குடியிருப்பில் இருப்பவள், ஸீயா என்று பேர். காவல்காரனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, இடுப்பில் கை வைத்து சிகாமணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாரு?"

"நான்தான்... தார்சா."

"செருப்பு பிஞ்சுரும். என் புருஷன் தும்மினாக்கூட ரெண்டு பேரைத் திட்டிட்டுத்தான் தும்முவான். முகாமே சொல்லுது, எல்லாருக்கும் நன்றி சொன்னானாம். பேயோ பிசாசோ, நீ யாராயிருந்தாலும் சரி, என் ஆளு எங்க?"

சிகாமணி உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்லும் தெம்பு போய்விட்டது. தூர தேசம் ஒன்று, தான் ஒரு வாத்தியார், வேடிக்கை பார்க்க வந்தது, இடம் மாறிப்போனது என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. அவள் கேட்டது வேறு.

"அங்க அவனை அடிக்கிறாங்களா?"

"இல்லம்மா. ஒரு பொண்ணு பார்த்துக்குது."

"சாப்பிடுறானா?"

"சாப்பிடுறார். சோறு, தயிர்."

"முழங்கால்?"

"அந்த உடம்புக்கு முழங்கால் வலி கிடையாது."

ஸீயா மூக்கைச் சிந்தினாள். கொஞ்ச நேரம் அவள் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கறிகாய்க் கடையில் பேரம் முடிக்கிறவள் மாதிரி சொன்னாள்:

"அப்ப அவன் அங்கேயே இருக்கட்டும். கூப்பிடாதே. இழுத்துவிட்டது நீ, வெட்டுறதையும் நீயே வாங்கிக்க. உனக்கும் வீட்ல யாராவது இருப்பாங்க, பாவம்தான். ஆனா எனக்கு உன்னைத் தெரியாது. அவனைத் தெரியும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை.

"சரிம்மா," என்றார்.

அதைச் சொன்னது தான்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை நிறைய நேரம் நீடிக்கவில்லை.

வெளியே சத்தம். டீசோ ஓடிவந்து, "பின்பக்கமாப் போயிருடா!" என்று கத்தினான். அதற்குள் கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு வில்லாளிகள் உள்ளே வந்துவிட்டார்கள். வில் இல்லை, வாள். தலைவன் முன்னால் நின்றான். ஸீயா மூலையில் கிடந்த ஒரு கேடயத்தைத் தூக்கி சிகாமணியின் கையில் திணித்தாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வாள் உயர்ந்தது. இரும்பில் வெயில் பட்டுக் கண் கூசியது.

பெருமை, சத்தியம், சரிம்மா, எல்லாம் போன இடம் தெரியவில்லை. "புறப்பாடு!" என்று சிகாமணி வீறிட்டார். "எடு எஸ்தர், எடு, எடு, என்னை எடுத்துரு!"

கண்ணைத் திறந்தபோது மேலே குழல்விளக்கு. ஏசி சத்தம். சிறுசேரி.

அவர் கட்டிலில் இல்லை. கருவி மேஜைக்கு முன்னால், பொத்தான்கள் இருக்கிற பலகையின்மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எஸ்தர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. சிகாமணி கழுத்தைத் தடவிப் பார்த்தார். முழுசாக இருந்தது.

"கொன்னுட்டேன்," என்றார். குரல் அவருடையதுதான். "அந்தப் பொண்ணுகிட்ட சரின்னு சொல்லிட்டு, வாளைப் பார்த்ததும் அவனைப் பிடிச்சு முன்னால தள்ளிட்டேன் எஸ்தர். நான் மனுஷனே இல்ல."

"நீங்க தள்ளல சார்."

"புறப்பாடுன்னு கத்தினேனே!"

"கத்தினீங்க. அது வெறும் வார்த்தை சார், எனக்குக் கேக்கும், அவ்வளவுதான். இந்தப் பட்டனை இங்க யாராவது அமுக்கணும். இதை மட்டும் தொட்டுடாதீங்கன்னு அவருக்கும் காட்டியிருந்தேன். என் கை எழும்பவே இல்ல." எஸ்தர் மூக்கை உறிஞ்சினாள். "அங்க நடக்கிறதை அவரும் கேக்கட்டும்னு காலையிலிருந்து ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அவங்க வீட்டம்மா பேசினது, நீங்க சரிம்மான்னது, எல்லாம் கேட்டாரு. அப்புறம் டீசோ கத்துற சத்தம் வந்துச்சு. அப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அந்த ஆளு பக்கத்துல ஸீயா நிக்கிறாளே, அவனுக்குக் கேடயம் பிடிக்கத் தெரியுமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"வரலாற்று வாத்தியார்னு சொன்னேன்."

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"அதைக் கேட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க சார், இங்க வந்ததிலிருந்து அப்படிச் சிரிச்சதே இல்ல. சிரிச்சுக்கிட்டே எழுந்தாரு. நீங்க புறப்பாடுன்னு கத்தும்போது அவர் பாதி தூரம் வந்துட்டாரு. ஏதோ கெட்ட வார்த்தையில உங்களைத் திட்டிக்கிட்டே அமுக்கினாரு."

"அப்புறம்? அங்க என்ன ஆச்சு?"

"நீங்க வந்ததும் எல்லாம் நின்னுபோச்சு. இனிமே எதுவும் கேக்காது. அந்தப் படையைப் பத்தி, அப்படி ஒரு ராஜாவைப் பத்தி எங்கயும் ஒரு வரி கிடையாது சார். பார்த்துட்டேன்."

சிகாமணி அழ நினைத்தார். முடியவில்லை. கன்னம் இரண்டும் இழுத்துப் பிடித்து வலித்தது. எதிரே இருண்ட திரைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.